நினைவை அழித்தால் காதல் என்னாகும்? ‘எடர்னல் சன்ஷைன்’ பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள்

திருச்சியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுகிறோம். கொடிக்கயிற்றில் இழுத்துக் கட்டிய வெள்ளை வேட்டிதான் திரை. ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ படத்தை இதுவரை மூன்று முறை போட்டிருக்கிறோம். மூன்று முறையும் படம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது என்னிடம் வந்த கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டியதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

படத்தின் முடிவு வரை பேசியிருக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் முதல் இரண்டு கேள்விகளோடு நிறுத்தி, படத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

1. கதை என்னன்னு சுருக்கமா சொல்லுங்க. தெரிஞ்சுட்டுப் பாத்தா சுவாரஸ்யம் போயிடுமா?

2004 மார்ச்சில் வெளிவந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் பிரான்ஸ்காரரான மிஷேல் கோந்த்ரி, திரைக்கதை சார்லி காஃப்மன். ஜோயலாக ஜிம் கேரி, கிளமென்டைனாக கேட் வின்ஸ்லெட். இரண்டு வருடம் காதலித்து, சலித்து, சண்டை போட்டுப் பிரிகிறார்கள். அவள் லக்கூனா என்ற சின்ன நிறுவனத்துக்குப் போய் ஜோயலைப் பற்றிய நினைவுகள் எல்லாவற்றையும் அழித்துக்கொள்கிறாள். விஷயம் தெரிந்து நொறுங்கிப்போன ஜோயலும் அங்கேயே போய் நிற்கிறான். ராத்திரி அவன் தூங்கும்போது வீட்டிலேயே அழிப்பு வேலை நடக்கிறது. பாதியில் அவனுக்கு வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. ஆனால் தூக்கத்தில் இருப்பவன் எப்படி எழுந்து நிறுத்தச் சொல்வான்?

கரு பியர் பிஸ்முத் என்ற ஓவியக் கலைஞருடையது. தோழி ஒருத்தி தன் காதலனைப் பற்றிப் புலம்பிக்கொண்டே இருந்தாள். ‘அவனை உன் மூளையிலிருந்து அழித்துவிடலாம் என்றால் செய்வாயா?’ என்று பிஸ்முத் கேட்டிருக்கிறார், அவள் ‘செய்வேன்’ என்றிருக்கிறாள். அந்த ஒரு ‘செய்வேன்’தான் படம். காஃப்மன், கோந்த்ரி, பிஸ்முத் மூவருக்கும் சிறந்த மூலத் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது. கதை தெரிந்து பார்ப்பதால் ஒன்றும் குறையாது. எனக்கு இரண்டாம் முறைதான் படம் பிடிபட்டது.

2. ராக்கெட் இல்ல, ஏலியன் இல்ல, எதிர்காலமும் இல்ல. இது எப்படி சயின்ஸ் ஃபிக்‌ஷன்?

இன்று இல்லாத ஒரு கருவியை உலகத்துக்குள் கொண்டுவந்து, அதனால் மனிதர்கள் என்னவாகிறார்கள் என்று பார்ப்பதும் அறிவியல் புனைவுதான். இந்தப் படத்தில் அந்தக் கருவி ஒன்றே ஒன்று. லக்கூனா அலுவலகத்தைப் பாருங்கள். ஊரில் பல் டாக்டர் கிளினிக் எப்படி இருக்குமோ அப்படி ஒரு காத்திருப்பு அறை. அங்கே நாயின் சாமான்களை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் அழுதுகொண்டிருக்கிறாள். செத்துப்போன நாயை மறக்க வந்திருக்கிறாள். அந்த ஒரு பெண்ணை வைத்தே ஊரில் எத்தனை பேர் இதற்கு வரிசையில் நிற்பார்கள் என்று காட்டிவிடுகிறார்கள். லக்கூனா என்பது லத்தீன் சொல். ஏட்டில் சிதைந்துபோன இடம், இடைவெளி என்று பொருள்.

3. எது முதல்ல நடக்குது, எது அப்புறம்? தலை சுத்துது.

கிளமென்டைனின் தலைமுடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பச்சை என்றால் முதல் சந்திப்பு. சிவப்பு என்றால் நல்ல நாட்கள். ஆரஞ்சு வந்துவிட்டால் உறவு கசக்கத் தொடங்கிவிட்டது. நீலம் என்றால் அவள் ஜோயலை ஏற்கெனவே மறந்துவிட்டாள். படத்தின் தலைப்பு எழுத்துகள் ஏறத்தாழ 17 நிமிடம் கழித்துத்தான் வருகின்றன. அதுவரை நாம் பார்த்த ‘முதல் சந்திப்பு’ உண்மையில் இரண்டாவது சந்திப்பு. இருவருக்கும் நினைவு அழிந்த பிறகு நடப்பது. அதன்பின் ஜோயலின் மூளைக்குள் புதிய நினைவிலிருந்து பழைய நினைவை நோக்கி அழித்துக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் சண்டை முதலிலும் காதல் கடைசியிலும் வருகிறது.

அந்த 17 நிமிடத்தில் மூன்று தடயங்கள் இருக்கின்றன, அடுத்த முறை கவனியுங்கள். காரில் ஒரு நசுங்கல். பக்கத்து வண்டிக்காரன் இடித்துவிட்டான் என்று நினைத்து ஜோயல் அவனுக்குச் சீட்டு எழுதி வைக்கிறான். உண்மையில் கடைசிச் சண்டை இரவில் கிளமென்டைன் இடித்தது. அடுத்து, அவனுடைய நாட்குறிப்பில் பக்கங்கள் கிழிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரயிலில் அவள் பெயரைச் சொல்லி, ‘என் பெயரை வைத்துக் கேலி பண்ணக் கூடாது’ என்கிறாள். ஹக்கிள்பெர்ரி ஹவுண்ட் என்ற கார்ட்டூன் நாய் ‘கிளமென்டைன்’ பாட்டைப் பாடும், அமெரிக்காவில் எல்லாக் குழந்தைக்கும் தெரியும். ஜோயலுக்குத் தெரியவில்லை. ஆனால் பின்னால் வரும் உண்மையான முதல் சந்திப்பில், சின்ன வயதில் தனக்கு மிகவும் பிடித்த பொம்மையே அந்த நாய்தான் என்று அவனே சொல்கிறான். இதை எட்டாவது கேள்விக்காக நினைவில் வையுங்கள்.

4. கஜினி, மூன்றாம் பிறை இதெல்லாம் இதே வகைதானே?

பக்கத்து வீடு என்று சொல்லலாம், அதே வீடு இல்லை. ‘மூன்றாம் பிறை’யில் (1982) விஜிக்குக் கார் விபத்தில் நினைவு போகிறது. ‘கஜினி’யில் (2005) தலையில் அடிபட்டு 15 நிமிடத்துக்கு மேல் எதுவும் தங்காமல் போகிறது. ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012) படத்தில் கிரிக்கெட் ஆடும்போது விழுந்து அடிபடுகிறது. அது அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கே நடந்த கதை. மூன்றிலும் மறதி தானாக வந்து விழுகிறது. ‘எடர்னல் சன்ஷைன்’ படத்தில் மறதியைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், கையெழுத்துப் போட்டு. விபத்தில் போனால் யார்மீதும் பழி இல்லை. நானே கேட்டு வாங்கினேன் என்றால், என்னோடு வாழ்ந்தவருக்கு நான் என்ன செய்தேன் என்ற கேள்வி வருகிறது.

ஆனாலும் ‘மூன்றாம் பிறை’ ரயில் நிலையக் காட்சியை நான் அடிக்கடி இதோடு சேர்த்து நினைப்பதுண்டு. ஒரே காதலின் நினைவு சீனுவிடம் முழுதாக இருக்கிறது, விஜியிடம் துளியும் இல்லை. ரயில் ஜன்னலுக்குள் இருப்பவளுக்கு மழையில் யாரோ ஒரு பைத்தியக்காரன். கிளமென்டைன் ஜோயலை அடையாளம் தெரியாமல் பார்க்கும் புத்தகக்கடைக் காட்சியில் அவன் நிற்பது அதே நிலையில்தான்.

5. டைட்டிலுக்கு என்ன அர்த்தம்?

1717இல் ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப் எழுதிய ஒரு நீண்ட கவிதையிலிருந்து எடுத்த வரி. ‘கறையில்லாத மனத்தின் முடிவில்லாத வெயில்’ என்று சொல்லலாம். 12ஆம் நூற்றாண்டில் அபெலார் என்ற அறிஞரைக் காதலித்து, பிரிக்கப்பட்டு, கன்னிமடத்தில் வாழ்ந்த ஹெலோயிஸ் பேசுவதாக அமைந்த கவிதை. காதலே அறியாத கன்னித்துறவியைப் பார்த்து அவள் ஏங்குகிறாள். மறக்க முயல்கிறாள், முடியவில்லை. படத்தில் லக்கூனாவில் வேலை பார்க்கும் மேரி இந்த வரிகளைச் சொல்லும்போது கவிஞர் பெயரைப் ‘போப் அலெக்சாண்டர்’ என்று மாற்றிச் சொல்லிக் கூசிப்போவாள். அந்தக் கூச்சம் ஏன் அவ்வளவு ஆழமாக வலிக்கிறது என்பது பின்னால் தெரியும்.

6. நடுவுல இந்திப் பாட்டு கேக்குதே, எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் இல்லை. கிளமென்டைன் வீட்டில் ஓடுவது முகமது ரஃபி பாடிய ‘மேரா மன் தேரா பியாசா’. ‘கேம்ப்ளர்’ (1971) படப் பாட்டு, இசை எஸ்.டி. பர்மன். லதா மங்கேஷ்கர் குரலும் படத்தில் வருகிறது. மாடியில் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் இரண்டு மூன்று பேராவது நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

7. இதே மாதிரி வேற என்ன படம் பாக்கலாம்?

நாலு சொல்கிறேன், நாலுமே எங்கள் மாடியில் ஓடியவை. கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெட்டே’ (1962) 28 நிமிடப் படம். கிட்டத்தட்ட முழுவதும் அசையாத புகைப்படங்கள். சிறுவயதில் விமான நிலையத்தில் பார்த்த ஒரு பெண் முகத்தை மறக்காத ஒருவனை, அந்த நினைவைப் பிடித்துக்கொண்டே காலத்தில் பின்னோக்கி அனுப்புகிறார்கள். படம் முழுவதிலும் ஒரே ஓர் இடம்தான் அசைகிறது. தூங்கும் அவள் கண் திறக்கிறாள். அதைப் பார்த்தபோது மாடியில் ஒரு சத்தம் இல்லை. ஆலன் ரெனேயின் ‘ழ தேம், ழ தேம்’ (1968) இன்னொன்று. காதலியை இழந்து சாக முயன்றவனைக் கடந்த காலத்தில் ஒரே ஒரு நிமிடத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். கருவி பழுதாகி அவன் தன் வாழ்க்கைத் துண்டுகளுக்குள் சிதறிச் சுற்றுகிறான். கான் திரைப்பட விழாவில் வரவேண்டிய படம், அந்த ஆண்டு விழாவே பாதியில் நின்றுபோனது. மகோட்டோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ (2016) ஜப்பானிய அனிமேஷன். இருவர் உடல் மாறி வாழ்கிறார்கள், பிரிந்ததும் ஒருவர் பெயர் மற்றவருக்குக் கரைந்துபோகிறது. மறக்காமல் இருக்கப் பெயரைக் கையில் எழுதிக்கொள்வோம் என்கிறார்கள். பின்னால் மிட்சுஹா கையை விரித்துப் பார்க்கும்போது அங்கே பெயர் இல்லை, ‘உன்னைப் பிடிக்கும்’ என்று எழுதியிருக்கிறது.

ஆந்திரேய் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ (1972) பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். ஸ்தானிஸ்லாவ் லெம்மின் நாவல்தான் மூலம். ஒரு கோளின் கடல், மனிதர்களின் நினைவுக்குள் புகுந்து அதில் இருப்பவர்களை உயிரோடு உருவாக்கி அனுப்புகிறது. கெல்வினுக்கு, பல வருடம் முன் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹரி வந்து நிற்கிறாள். அவள் கவுனைக் கழற்ற வேண்டும். முதுகில் நாடா இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை, அவிழ்க்க வழியே இல்லை. கத்தரியால் வெட்டுகிறான். நான் அதைப் புரிந்துகொண்டது இப்படி: அந்த உடுப்பு எப்படித் திறக்கும் என்பதை அவன் ஒருநாளும் கவனித்ததில்லை. அவன் நினைவில் இல்லாதது அவள் உடம்பிலும் இல்லை. நாம் நேசிப்பவரை எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன படம் எனக்குத் தெரிந்து இல்லை.

8. நெஜமாவே ஒருத்தரைப் பத்தின நினைவை மட்டும் அழிக்க முடியுமா?

முடியாது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திவிட்டால் நியாயமில்லை, ஏனென்றால் ஒரு மூலையில் உண்மை இருக்கிறது. 2000இல் நியூயார்க்கில் கரீம் நாதர், கிளென் ஷாஃபி, ஜோசஃப் லெடூ மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலி, கூடவே சின்ன மின் அதிர்ச்சி. அதன்பின் ஒலி கேட்டாலே எலி உறைந்து நிற்கும். மறுநாள் அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, உடனே மூளையின் அமிக்டலா பகுதியில் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பிறகு சோதித்தபோது பயம் போயிருந்தது. நினைவுபடுத்தாமல் வெறுமனே மருந்து கொடுத்த எலிகளுக்குப் பயம் போகவில்லை. அதாவது, ஒரு நினைவை எடுக்கும்போது அது இளகிவிடுகிறது, மறுபடி கெட்டிப்பட வேண்டியிருக்கிறது. அந்த இளகிய நேரத்தில் கை வைக்கலாம். லக்கூனாவிலும் ஜோயலிடம் ஒவ்வொரு பொருளாகக் காட்டி நினைவைக் கிளறித்தான் வரைபடம் எடுக்கிறார்கள்.

மனிதர்களிடம்? 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மெரல் கிண்ட் குழுவினர் சிலந்திப் படத்தோடு மின் அதிர்ச்சியைச் சேர்த்துப் பயத்தைப் பழக்கி, பின்பு ப்ரோப்ரனலால் என்ற, இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் சாதாரண மாத்திரையைக் கொடுத்து நினைவுபடுத்தினார்கள். திடுக்கிடுவது நின்றது. ஆனால் இந்தப் படம் வந்தால் ஷாக் வரும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. நடந்தது மறக்கவில்லை, அதன் கொடுக்கு மட்டும் மழுங்கியது. படத்துக்கு நேர் எதிர்.

ஒருவரை மட்டும் வெட்டியெடுப்பது ஏன் முடியாது என்பதற்குப் படமே பதில் வைத்திருக்கிறது. ஹக்கிள்பெர்ரி பொம்மை. கிளமென்டைனை எடுக்கப் போய், அவளைச் சந்திப்பதற்குப் பல வருடம் முந்தைய ஒரு பொம்மையும் சேர்ந்து போய்விட்டது. அந்தப் பொம்மையைப் பற்றி அவளிடம் பேசிய நிமிடத்திலிருந்து அது அவளோடும் பின்னிக்கொண்டது. அவளுக்கு மட்டும் சொந்தமான ஓர் இடம் மூளையில் எங்கும் கிடையாது. லக்கூனாவை நடத்தும் டாக்டர் ஹோவர்டே ஜோயலிடம் இது தொழில்நுட்பக் கணக்கில் மூளைச் சேதம்தான், ஒரு ராத்திரி கண்டபடி குடித்தால் ஆகிற அளவு, என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்.

9. வீடு இடியுறது, ஆள் மறையுறது எல்லாம் கிராஃபிக்ஸா?

கொஞ்சம் கணினி வேலை உண்டு. பெரும்பகுதி கேமரா முன்னாலேயே செய்தது. ஜோயல் தன் குழந்தைப் பருவத்துக்குள் ஒளியும் சமையலறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையும் குளிர்பதனப் பெட்டியும் பெரிதாகக் கட்டப்பட்டவை. தூரத்தையும் அளவையும் வைத்துக் கண்ணை ஏமாற்றி, வளர்ந்த ஜிம் கேரியை மேசைக்கு அடியில் நாலு வயதுப் பையனாக்கிவிட்டார்கள். டாக்டர் அறையில் ஜோயல் இன்னொரு ஜோயலைப் பார்க்கும் காட்சியில், கேமரா திரும்புவதற்குள் கேரி பின்பக்கமாக ஓடி, உடுப்பை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

புத்தகக்கடையில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் அலமாரியைப் பாருங்கள். புத்தக அட்டைகள் ஒவ்வொன்றாக வெளுத்து எழுத்தில்லாமல் போகும். நம் நினைவிலும் அப்படித்தானே, பேசியவர் முகம் இருக்கும், சுவரில் என்ன மாட்டியிருந்தது என்பது போய்விடும்.

10. அழிச்ச பிறகும் ரெண்டு பேரும் எப்படி மாண்டாக் பீச்சுக்குப் போறாங்க? ‘மாண்டாக்ல பாக்கலாம்’னு சொன்னது ஜோயல் மண்டைக்குள்ள இருந்த கிளமென்டைன்தானே, நெஜ கிளமென்டைனுக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்டது கல்லூரி முதலாமாண்டு மாணவி. மூன்று முறை படம் போட்டதில் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். படம் காரணம் சொல்லவில்லை. விதி என்று சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. இன்னொரு கதை சொல்கிறேன்.

1911இல் ஜெனீவாவைச் சேர்ந்த மருத்துவர் எடுவார் கிளாபரேத் ஒரு நிகழ்ச்சியை எழுதினார். அவருடைய நோயாளி ஒரு பெண், புதிதாக எதுவும் நினைவில் தங்காது. தினம் பார்க்கும் டாக்டரையே தினமும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டும். ஒருநாள் அவர் விரலிடுக்கில் ஊசியை ஒளித்துக் கைகுலுக்கினார். குத்தியது. சற்று நேரத்தில் அவள் அதை மறந்துவிட்டாள். ஆனால் மறுபடி அவர் கை நீட்டியபோது அவள் தன் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் காரணம் தெரியவில்லை. 1953இல் வலிப்புக்காக மூளை அறுவை செய்யப்பட்டுப் புதிய நினைவே சேராமல் போன ஹென்றி மோலைசனும் அப்படித்தான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் இதற்குமுன் செய்ததே இல்லை என்பார், கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது.

சொல்லக்கூடிய நினைவு ஒன்று, உடம்பு வைத்திருக்கும் நினைவு வேறொன்று. லக்கூனா அழித்தது முதலாவதை. பிப்ரவரிக் குளிரில், வேலைக்குப் போகிற ஆள், காரணமே தெரியாமல் எதிர்ப்பக்க ரயிலுக்கு ஓடுகிறானே, அந்த ஓட்டத்தை நான் கிளாபரேத்தின் நோயாளி கையை இழுத்துக்கொண்டதைப் போலத்தான் பார்க்கிறேன். இருவருக்கும் எல்லாம் தொடங்கிய இடம் அந்தக் கடற்கரை. அவளுக்குள்ளும் அப்படி ஒன்று மிஞ்சியிருக்கலாம்.

11. அப்போ நினைவே போனாலும் காதல் இருக்கும்னு சொல்றீங்களா?

எல்லோருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவரைச் சொல்ல முடியும். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் கிளைவ் வேரிங். 1985இல் மூளையில் வைரஸ் தொற்று ஏற்பட்டு, சில விநாடிகளுக்கு மேல் எதுவும் தங்காமல் போய்விட்டது. இப்போதுதான் முதல்முறையாக விழித்தேன் என்று நாட்குறிப்பில் எழுதுவார், சற்று நேரத்தில் அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். ஆனால் மனைவி டெபோரா அறைக்குள் வந்தால், ஐந்து நிமிடம் முன் போனவளாக இருந்தாலும், பல வருடம் பிரிந்திருந்தவர் போல ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்.

இந்தக் கதையில் எல்லோரும் கிளைவைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு டெபோராதான் முக்கியம். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல் விவாகரத்து வாங்கிக்கொண்டு அமெரிக்கா போனார். பிறகு திரும்பி வந்தார். 2002இல் இருவரும் திருமண உறுதிமொழியை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். மறந்தவர் காதலிப்பது ஓர் அதிசயம். அத்தனையும் நினைவிருக்க ஒருவர் திரும்பி வருவதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பதினைந்தாவது கேள்விக்கு இது வேண்டும்.

12. நாம படம் பூரா பாக்கற கிளமென்டைன் உண்மையான கிளமென்டைன்தானா?

இல்லை, பெரும்பாலும் இல்லை. ஜோயலோடு நினைவுகளுக்குள் ஓடுபவள், ‘என்னை வேறு நினைவுக்குள் ஒளித்துவை’ என்று யோசனை சொல்பவள், எல்லாம் ஜோயல் நினைவில் உருவானவள். சோலாரிஸ் ஹரிக்குத் தங்கை. உண்மையான கிளமென்டைன் தொடக்கத்திலும் முடிவிலும், லக்கூனா ஊழியன் பேட்ரிக்கோடு இருக்கும்போதும்தான் வருகிறாள். அங்கே அவள் எவ்வளவு பதற்றமாக, இடம் கொள்ளாமல் இருக்கிறாள் பாருங்கள்.

இதை வைத்து அவள் பேச்சைக் கேட்டால் புதிதாகக் கேட்கும். ஆண்கள் பலர் தன்னை ஒரு கருத்தாக, தங்களை முழுமையாக்க வந்தவளாக நினைக்கிறார்கள் என்றும், தான் தன் நிம்மதியைத் தேடும் ஒரு சாதாரணப் பெண் என்றும் அவள் சொல்கிறாள். அதையே ஜோயல் எவ்வளவு கேட்டிருப்பான்? தமிழில் ‘உன் நினைப்பாவே இருக்கேன்’ என்கிறோம். நினைவு, எண்ணம், காதல் எல்லாம் நமக்கு நினைப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நினைப்பில் இருப்பவள் வேறு, எதிரே நிற்பவள் வேறு என்பதை மட்டும் அந்தச் சொல் காட்டாது.

13. பேட்ரிக் ஜோயல் சொன்ன அதே வார்த்தையைத்தானே சொன்னான், அதே பரிசைத்தானே குடுத்தான்? ஏன் வேலைக்கு ஆகல?

லக்கூனா ஊழியனான பேட்ரிக், ஜோயல் ஒப்படைத்த பொருள்களைத் திருடி, அவன் எழுதியதைப் படித்து அவளைக் கவர்கிறான். உறைந்த சார்லஸ் ஆற்றின்மேல் படுத்து ஜோயல் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்கிறான். அவள் உடைந்துபோய் வீட்டுக்குப் போக வேண்டும் என்கிறாள். ஜோயல் அந்த வார்த்தைகளைச் சொன்னபோது அவனுக்கே அவை அப்போதுதான் கிடைத்தன. அவள் பேசாமல் இருந்ததற்கும், பனிக்கட்டி விரிந்த சத்தத்துக்கும், அவன் பயத்துக்கும் பதிலாக வந்தவை. பேட்ரிக்கிடம் விடைத்தாள் இருந்தது, கேள்வி இல்லை. அவள் உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது என்றே நினைக்கிறேன். பத்தாவது பதிலில் சொன்ன ஊசிதான் இங்கேயும்.

14. மேரி கதை தேவையா? அதைத் தூக்கிட்டா படம் இன்னும் கச்சிதமா இருக்குமே?

தேவை. அது இல்லாவிட்டால் படம் பொய்யாகிவிடும். லக்கூனா வரவேற்பாளரான மேரி டாக்டர் ஹோவர்டைக் காதலிக்கிறாள். முதல்முறை என்று நினைத்து அவரை முத்தமிடுகிறாள். ஏற்கெனவே அவருடன் உறவு இருந்து, அந்த நினைவு அழிக்கப்பட்டிருப்பது அப்போதுதான் வெளியே வருகிறது. அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். தினமும் அவளை எதிரே வைத்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். ஐந்தாவது பதிலில் சொன்ன அவள் கூச்சம் இங்கே வந்து வலிக்கிறது. அவரிடம் நல்ல பெயர் வாங்க அவள் இப்படி எத்தனையாவது முறை கவிதை சொல்கிறாளோ. ஜோயலும் கிளமென்டைனும் மறுபடி சந்திப்பதைப் பார்த்து நாம் உருகுகிறோம். அதே ‘மறுபடியும்’ ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய அநியாயமாக முடியும் என்பதை மேரி காட்டுகிறாள். பிறகு அவள்தான் எல்லா நோயாளிகளின் கோப்பையும் ஒலிநாடாவையும் அவரவருக்கே தபாலில் அனுப்பிவைக்கிறாள். படத்தில் சரியான காரியம் செய்த ஒரே ஆள் அவள்.

15. முடிவு சந்தோஷமா, சோகமா? மறுபடி சண்டை போட்டுப் பிரியத்தானே போறாங்க?

பிரியலாம். திரைக்கதையின் ஆரம்ப வடிவம் ஒன்றில், வயதாகிப்போன கிளமென்டைன் மறுபடி லக்கூனாவுக்கு வருவதாகவும், ஜோயலைப் பலமுறை அழித்திருப்பதாகவும் இருந்தது. முடிந்த படத்தில் அது இல்லை. கடற்கரைப் பனியில் அவர்கள் ஓடும் காட்சி திரும்பத் திரும்ப வந்து வெள்ளையில் கரைகிறது. சுழற்சி என்று நினைப்பவர்களுக்கு அது ஆதாரம்.

ஆனால் நான் பிடித்துக்கொள்வது அதற்கு முன்னால் வரும் நடைபாதைக் காட்சியை. அழிப்பதற்குமுன் மற்றவரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்ற ஒலிநாடா இருவர் கையிலும் இருக்கிறது. அவனைச் சலிப்பானவன் என்று அவள் குரலே சொல்கிறது. அவளைப் பற்றி அவன் இன்னும் கேவலமாகப் பேசியதை அவள் நின்று கேட்கிறாள். போகப் போகிறாள். அவன் தடுக்கிறான். எனக்கு உன்மேல் சலிப்பு வரும், மூச்சு முட்டும் என்கிறாள். ‘சரி’ என்கிறான் அவன். அவளும் ‘சரி’ என்கிறாள். நினைவு திரும்பி வரவில்லை, இனிய நாட்கள் எதுவும் அவர்களிடம் இல்லை. கையில் இருப்பது புகார்ப் பட்டியல் மட்டும். முதல்முறை காதலித்தபோது ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது. இப்போது மிக மோசமானது மட்டும் தெரியும், அதைக் கேட்டபின் சொன்ன ‘சரி’ இது. பதினொன்றில் டெபோரா திரும்பி வந்ததைப் பற்றிச் சொன்னேனே, அந்த வகை ‘சரி’.

இரண்டாம் முறை படம் போட்டபோது அறுபது தாண்டிய ஓர் அம்மா கணவரோடு வந்திருந்தார். படம் முடிந்ததும் எல்லோரும் இதே கேள்வியில் நின்று வாதாடினார்கள். அவர் காலி டம்ளர்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டே சொன்னார்: “இதுல என்னப்பா குழப்பம்? அந்த டேப்பை நான் நாப்பது வருஷமா நேர்லயே கேட்டுட்டு இருக்கேன். அவரும் என்னுதைக் கேட்டுட்டுத்தான் இருக்கார்.” கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அம்மா கையில் இருந்த டம்ளர்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

16. பிரேக்‌அப் ஆகி ரெண்டு வாரம்தான் ஆச்சு. இப்போ பாக்கலாமா?

இந்தக் கேள்வி எப்போதும் தனிச் செய்தியாகத்தான் வரும், அதிலும் ராத்திரி பதினொரு மணிக்குமேல். பாருங்கள், ஆனால் தனியாக வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பாதியில் நிறுத்திவிடாதீர்கள். மூன்றாவது பதிலில் சொன்னபடி படம் சண்டையிலிருந்து காதலை நோக்கிப் பின்னால் போகிறது, நடுவில் நிறுத்தினால் கசப்பு மட்டும் மிஞ்சும். இடிகிற கடற்கரை வீட்டுக் காட்சி வரை இருந்துவிடுங்கள். அங்கே, நிஜத்தில் விடைபெறாமல் ஓடிப்போன ஜோயல் நினைவுக்குள் நின்று விடைபெறுகிறான்.

பொருளையெல்லாம் என்ன செய்வது என்றும் கூடவே கேட்பார்கள். லக்கூனா கேட்கிற மாதிரி மொத்தத்தையும் வாரிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். எரிக்கவும் வேண்டாம். கண்ணில் படாமல் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு, மேலே தேதி எழுதி, பரணில் ஏற்றிவிடுங்கள். வீட்டில் பரண் இல்லையென்றால் என்னிடம் கொடுங்கள். ஏற்கெனவே மூன்று பெட்டிகள் இருக்கின்றன.